2008 நடுநிலக்கடல் கம்பிவட அறுபாடு

2008 நடுநிலக்கடல் கம்பிவட அறுபாடு என்பது 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா நகருக்கு அருகே இரண்டு கடலடி ஒளியிழைக் கம்பிவடங்கள் அறுந்ததால் ஏற்பட்ட இணையத் தடங்கலைக் குறிக்கும். எகிப்து, வளைகுடா நாடுகள், பாகிஸ்தான், இந்தியா முதலிய நாடுகளில் இணையச் சேவை கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அவ்வேளை நடுநிலக்கடலில் கடும் புயற்காற்று வீசியதால் புயலே காரணம் என முதலில் நம்பப்பட்டது. ஆனால் அலெக்சாந்திரியா அறுபாட்டின் காரணம் இன்றுவரை ஐயமின்றி நிறுவப்படவில்லை.

பின்னணி

கண்டங்களுக்கு இடையிலான இணையப் போக்குவரத்தின் மிகப் பெரும்பகுதி செயற்கைக்கோள் வழியாக அன்றி, கடலடிக் கம்பிவடங்கள் வழியாகவே நடைபெறுகிறது. ஆழ்கடலில் இவ்வடம் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயின் பருமனே உடையது. கரையை அண்டிய பகுதிகளில் மட்டும் எஃகுக் கம்பிக் கவசத்துடன் தடிப்பாக அமைக்கப்படும். இயன்ற இடங்களில் கடல் மண்ணுக்குள் புதைக்கப்படும்.

அறுந்த வடங்களில் ஒன்று 1997இல் இயங்கத் தொடங்கிய ஃபிளாக் ஐரோப்பா-ஆசியா ஆகும். பிரித்தானியாவிலிருந்து யப்பான் வரை ஏறத்தாழ 28,000 கி.மீ. நீளும் இதன் உரிமையாளராக அப்போது ரிலையன்ஸ் குழுமம் இருந்தது. மற்றொன்று பிரான்சின் மார்செய் நகரிலிருந்து சிங்கப்பூர் வரை செல்லும் சீ-மீ-வீ 4. 2005 டிசம்பரில் தொடங்கி வைக்கப்பட்ட இவ்வடம் மும்பை, சென்னை, கொழும்பு ஆகிய இடங்களிலும் கரையேறுகிறது. உரிமையாளர்கள் வேறாயினும் இரண்டும் எகிப்தைத் தரைவழியே கடந்து, அலெக்சாந்திரியாவில்தான் நடுநிலக்கடலுள் இறங்குகின்றன. செங்கடலையும் நடுநிலக்கடலையும் இணைக்கும் குறுகிய தரைவழி எகிப்தின் ஊடாகவே உள்ளது.

நிகழ்வு

ஜனவரி 30 காலையில் ஃபிளாக் வடம், அலெக்சாந்திரியாக் கரையிலிருந்து 8.3 கி.மீ. தொலைவில் அறுந்ததாக அதன் நிறுவனம் அறிவித்தது. அதே நாளில் சீ-மீ-வீ 4 வடமும் செயலிழந்தது. எஞ்சிய பழைய சீ-மீ-வீ 3 வடத்தின் கொள்ளளவு மிகக் குறைவு.

பிப்ரவரி 1இல் ஃபிளாக் நிறுவனத்தின் ஃபால்கன் என்னும் வேறொரு வடம் துபாயிலிருந்து 56 கி.மீ. தொலைவில் அறுந்தது. அதனைச் சீர்செய்ய வேண்டிய கப்பல், மோசமான வானிலையால் அபுதாபித் துறைமுகத்தை விட்டுப் புறப்பட முடியாமல் காத்திருக்க நேர்ந்தது.

வணிகத்தின் மீதான தாக்கம்

எகிப்து தன் இணையக் கொள்ளளவில் சுமார் 70 விழுக்காட்டை இழந்தது. இசையையும் திரைப்படங்களையும் பதிவிறக்குவோர் வணிக நிறுவனங்களின் அவசியமான பணிக்கு இடையூறு செய்கின்றனர் என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு அமைச்சு கூறியது. இந்தியாவில் 50 முதல் 60 விழுக்காடு வரை கொள்ளளவு குறைந்ததாக இணையச் சேவை வழங்குநர் சங்கம் தெரிவித்தது.

இந்தியாவில் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் ஓரளவு தப்பின. சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்லும் வடங்கள் வழியாகப் பசிபிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்காவை அடையும் மாற்றுவழியை அவை முன்னரே வாங்கி வைத்திருந்தன. ஆயினும் இச்சுற்றுவழி நீளமானது. ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2,00,000 கி.மீ. மட்டுமே செல்வதால், ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டிய தரவு உலகைச் சுற்றிப் போகும்போது காலதாமதம் உணரத்தக்கதாகிறது. மின்னஞ்சலுக்கு இது பொருட்டல்ல. தொலைபேசி உரையாடலை நம்பிய கால் சென்டர்களுக்கோ பேச்சுக்கும் மறுமொழிக்கும் இடையில் விழும் இடைவெளி பெருந்தொல்லை.

மாற்றுவழி வாங்க இயலாத சிறு நிறுவனங்களே கூடுதலாகப் பாதிக்கப்பட்டன. இரு வேறு சேவை வழங்குநரிடம் இணைப்பு வாங்கியிருந்தாலும், இரண்டும் மேற்கு நோக்கி அலெக்சாந்திரியா வழியே சென்றிருந்தால் அதனால் பயனில்லை. வங்காளதேசத்தின் ஒரே கடலடி இணைப்பாக அப்போது சீ-மீ-வீ 4 மட்டுமே இருந்தது. அதன் சிங்கப்பூர்ப் பக்கம் அறாமல் இருந்ததால் அந்நாடு முற்றாகத் துண்டிக்கப்படவில்லை.

காரணம் பற்றிய சர்ச்சை

புயலின் அலைகள் வடத்தை நேரடியாக அறுப்பது அரிது. கப்பல்கள் கரைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும்போது, காற்றின் வேகத்தில் நங்கூரம் கடலடியில் இழுபட்டு வடத்தில் மாட்டிக்கொள்வதே வழக்கம். உலகில் ஆண்டுதோறும் 150 முதல் 200 வரையான வடப் பழுதுகள் ஏற்படுகின்றன. பெரும்பாலானவற்றுக்கு மீன்பிடிப்பும் நங்கூரமுமே காரணம். எனவே அலெக்சாந்திரியாவிலும் அவ்வாறே நடந்திருக்கும் எனக் கருதப்பட்டது.

ஆனால் பிப்ரவரி 3 அன்று எகிப்திய அமைச்சு இதனை மறுத்தது. அறுபாட்டுக்கு 12 மணிநேரம் முன்னும் பின்னும் பதிவான காணொளிகளில் அவ்விடத்தில் கப்பல் எதுவும் காணப்படவில்லை என்றும், அது கப்பல்களுக்குத் தடைசெய்யப்பட்ட பகுதி என்றும் கூறியது. நாசவேலையாக இருக்கலாம் என்ற கருத்தைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றிய அதிகாரி ஒருவரும் மறுக்கவில்லை. ஈரான் முற்றிலும் துண்டிக்கப்பட்டது என்று பரவிய செய்தி மட்டும் தவறானது.

ஃபால்கன் அறுபாட்டில் ஐயம் இல்லை. அவ்விடத்தில் கைவிடப்பட்ட, 5 முதல் 6 டன் எடையுள்ள நங்கூரம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது.

சீரமைப்பு

வடத்தினுள் ஒளித்துடிப்பைச் செலுத்தி, அது எதிரொளித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு பழுதின் தொலைவு கணிக்கப்படுகிறது. பின்னர் கப்பலிலிருந்து கொக்கியை இறக்கி அறுந்த முனைகளை மேலே தூக்கி, இடையில் புதிய துண்டு ஒன்றை வைத்து இணைப்பர். அலெக்சாந்திரியா வடங்கள் இரண்டும் பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குள் சீராயின.

பின்னைய நிகழ்வுகள்

2008 டிசம்பர் 19 அன்று ஃபிளாக், சீ-மீ-வீ 3, சீ-மீ-வீ 4 ஆகிய மூன்றும் நடுநிலக்கடலில் மீண்டும் அறுந்தன. 2010இல் இயங்கத் தொடங்கிய ஐ-மீ-வீ வடம் இந்தியாவின் மேற்குத் திசைக் கொள்ளளவைப் பெருக்கிய போதிலும், அதுவும் அலெக்சாந்திரியாவிலேயே கரையேறுகிறது. 2013 மார்ச்சில் அந்நகருக்கு அருகே சீ-மீ-வீ 4 வடத்தை வெட்டியதாக மூன்று முக்குளிப்பாளர்களை எகிப்தியக் கடற்படை கைது செய்தது. 2024 பிப்ரவரியில் செங்கடலில், ஏவுகணை தாக்கிக் கைவிடப்பட்ட ரூபிமார் என்னும் சரக்குக் கப்பல் நங்கூரத்துடன் மிதந்து சென்ற பகுதியில் மூன்று வடங்கள் அறுந்தன. அந்நங்கூரமே காரணமாக இருக்கக்கூடும் எனக் கருதப்படுகிறது.