குட்டியின் முகத்தை அல்ல, தாய் தகப்பனைப் பாருங்கள்: நாய், பூனை எடுக்க முன் அறிய வேண்டிய பரம்பரை நோய்கள்

மாங்கேணியிலிருந்து வாகரை வரை திருகோணமலை வீதியை அண்டிய வீடுகளில் நாய் அழகுக்காக வளர்க்கப்படுவதில்லை. ஆட்டுப்பட்டிக்கும், கரையில் இழுத்து வைத்த தோணிக்கும் அது காவல். இரவில் யானை வளவுக்குள் வந்தால் முதலில் குரல் கொடுப்பதும் அதுதான். கணவனை இழந்து பிள்ளைகளோடு தனித்திருக்கும் பெண்களுக்கு வாசலில் படுத்திருக்கும் நாய் ஒரு துணை. 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரைப் பகுதியிலிருந்து பல்லாயிரம் பேர் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறியபோது, நாய்களையும் பூனைகளையும் கூட்டிச் செல்ல வழி இருக்கவில்லை. அப்படி விட்டு வந்தவர்களுக்கு, மீளக்குடியேறிய வீட்டில் மறுபடியும் ஒரு குட்டியை வளர்ப்பது சின்ன விடயமல்ல.

அண்மைக் காலமாக இந்தத் தெரிவு மாறி வருகிறது. பேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்து, வெளிநாட்டிலிருக்கும் உறவினர் அனுப்பிய காசில் ‘சாதி நாய்’ வாங்குவோர் கூடியிருக்கிறார்கள். அழகான குட்டி வீட்டுக்கு வருகிறது. ஒரு வருடத்தில் அது நொண்டத் தொடங்கினால், அல்லது கூப்பிட்டால் திரும்பாவிட்டால், என்ன நோய் என்று சொல்லக்கூடிய வசதி அருகில் இல்லை. பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகங்களின் பெரும்பகுதி வேலை மாடு, ஆடு, கோழியோடுதான். நாட்டில் மிருக வைத்தியபீடம் உள்ள ஒரே பல்கலைக்கழகம் பேராதனை. அங்குள்ள போதனா வைத்தியசாலைக்குப் போய்வர ஒரு நாளும், பெரிய செலவும் வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு சில நாய்கள் சந்தியில் இறக்கி விடப்படுகின்றன. பரம்பரை நோய்களில் பலவற்றுக்கு முழுமையான சிகிச்சை கிடையாது. அதனால் எடுக்க முன் செய்யும் தெரிவுதான் மலிவான மருந்து.

நோய் எப்படிக் குட்டிக்கு வருகிறது?

இலங்கையில் தலசீமியா பற்றிப் பலருக்கும் தெரியும். தாயும் தகப்பனும் நோயில்லாதவர்கள்போல இருப்பார்கள். ஆனால் இருவரிடமும் பழுதான மரபணுவின் ஒரு பிரதி இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. லப்ரடோர் நாய்களில் விழித்திரை மெல்லமெல்லத் தேய்ந்து குருடாக்கும் ஒரு நோயும் இப்படித்தான் வருகிறது. ‘தாய் நாய் நல்ல சுகமாக இருக்கிறது’ என்பது மட்டும் போதாது என்று சொல்வது இதனால்தான்.

சில நோய்களுக்கு ஒரு பக்கம் பழுதாக இருந்தாலே போதும். பாரசீகப் பூனைகளின் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் நோய் அப்படியானது. தாய் அல்லது தகப்பன் ஒன்றுக்கு இருந்தால், சராசரியாகப் பாதிக் குட்டிகளுக்கு அது போகும். பெரும்பாலும் நடுவயதில்தான் அறிகுறி தெரியும். அதற்குள் அந்தப் பூனை பல தடவை குட்டி போட்டிருக்கும்.

மூன்றாவது வகையில் பல மரபணுக்களும் வளர்ப்பு முறையும் சேர்கின்றன. ஜேர்மன் ஷெப்பர்ட் (நாம் அல்சேஷன் என்கிறோம்), லப்ரடோர், ரொட்வைலர் நாய்களின் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போவது இவ்வகை.

ஒரே தாயின் குட்டிகளை, அல்லது தகப்பனையும் மகளையும் இணை சேர்க்கும்போது, மறைந்திருக்கும் பழுதுகள் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது. சின்ன இடத்தில், இரண்டு மூன்று நாய்களை மட்டும் வைத்துக் குட்டி விற்பவர்களிடம் இந்த ஆபத்து அதிகம்.

இராஜபாளையம் தரும் பாடம்

இது வெளிநாட்டு இனங்களின் பிரச்சினை மட்டுமல்ல. தமிழ்நாட்டின் இராஜபாளையம் நாய் தமிழர்கள் பெருமையோடு சொல்லும் இனம். இந்திய அஞ்சல் துறை 2005இல் நான்கு நாய் இனங்களுக்கு முத்திரை வெளியிட்டபோது அதில் இராஜபாளையமும் ஒன்று. தூய வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்குமே அதன் அழகு என்று கருதப்படுகிறது. அந்த வெள்ளைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இணை சேர்த்ததில், பிறவிச் செவிடும் கூடவே வந்தது.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன தொடர்பு? தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே வகைக் கலங்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால், பிறந்து சில வாரங்களில் ஒலியை உணரும் கலங்கள் அழிந்துவிடும். இராஜபாளையத்தில் நீலக்கண் குட்டிகளைப் பழைய ஆட்கள் விரும்புவதில்லை. அவை பெரும்பாலும் செவிடு என்பதை ஆய்வுகூடம் இல்லாமலே கண்டிருந்தார்கள். டால்மேஷன் நாய்களில் ஏறத்தாழ 30 சதவீதம் ஒரு காதிலோ இரண்டிலுமோ கேளாதவை என்று அமெரிக்காவில் கணக்கிடப்பட்டுள்ளது. இரு கண்ணும் நீலமான வெள்ளைப் பூனைகளில் பாதிக்கு மேற்பட்டவை செவிடு. காவலுக்கு நாய் தேடுபவருக்கு இதைவிட முக்கியமான தகவல் இல்லை.

எந்த இனத்தில் எதைக் கவனிப்பது?

- ஜேர்மன் ஷெப்பர்ட், லப்ரடோர், ரொட்வைலர்: இடுப்பு மூட்டு. முயல்போலப் பின்கால் இரண்டையும் சேர்த்துத் துள்ளி ஓடுவது, எழும்பச் சிரமப்படுவது அறிகுறிகள்.
- டாஷண்ட்: குட்டைக் காலைக் கொடுக்கும் மரபணுவே முள்ளந்தண்டின் இடைத்தட்டுகளையும் விரைவில் கெட்டியாக்குகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வாழ்நாளில் முதுகு நோய்க்கு ஆளாகிறது. சில நாய்களுக்குப் பின்கால் இழுத்துப்போகும்.
- பொமரேனியன்: முழங்கால் சில்லு விலகுதல், மூச்சுக்குழாய் ஒடுங்குதல்.
- பக், புல்டோக்: சப்பை மூக்கால் மூச்சுத்திணறல். நாய் உடல் சூட்டைத் தணிப்பது இளைத்து மூச்சுவிட்டுத்தான். சித்திரை, வைகாசி வெயிலில் இவை மயங்கி இறக்கவும் கூடும்.
- பாரசீகப் பூனை: சிறுநீரக நீர்க்கட்டி. கூடுதலாகத் தண்ணீர் குடிப்பதும் மெலிவதும் அறிகுறி.

ஹஸ்கி போன்ற பனிநாட்டு நாய்களுக்கு நமது வெயிலே துன்பம். அது பரம்பரை நோய் இல்லாவிட்டாலும் தெரிவு பிழைதான்.

அழகே நோயாகும்போது

மடிந்த காதுள்ள ஸ்கொட்டிஷ் போல்ட் பூனைகளை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். 1961இல் ஸ்கொட்லாந்தின் ஒரு பண்ணையில் கண்டெடுக்கப்பட்ட ஒரு பூனையிலிருந்து வந்த வரிசை அது. காதின் குருத்தெலும்பை மடிக்கும் அதே பழுது உடம்பின் மற்ற மூட்டுகளையும் பாதிக்கிறது. நாம் ரசிக்கும் காதுதான் அந்தப் பூனையின் வலிக்கும் அடையாளம்.

நமது உறவுகள் பலர் வாழும் நோர்வேயில் இந்த விவகாரம் நீதிமன்றம்வரை போனது. மண்டையோடு மூளைக்குப் போதாத அளவு சிறுத்ததாலும் இருதய நோயாலும் அவதிப்படும் கவலியர் கிங் சார்ள்ஸ் நாய்களை இப்போதைய முறையில் இனவிருத்தி செய்வது விலங்குநலச் சட்டத்துக்கு முரண் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. வளர்ப்பவரின் அன்பை அந்தத் தீர்ப்பு குறை சொல்லவில்லை. பிறக்கும் உயிருக்கு நோயை எழுதிக்கொடுக்க முடியாது என்றுதான் சொன்னது.

ஊர் நாய்க்கு நோயே வராதா?

வரும். 2013இல் கலிபோர்னியாவில் 27,000க்கும் அதிகமான நாய்களின் பதிவுகளை வைத்து 24 பரம்பரை நோய்கள் ஆராயப்பட்டன. 10 நோய்கள் சாதி நாய்களில் கூடுதலாகவும், ஒன்று கலப்பு நாய்களில் கூடுதலாகவும் இருந்தன. மீதி 13இல் வித்தியாசம் இல்லை. ஆகவே ஊர் நாய் நோயற்றது என்று சொல்ல முடியாது. ஆனால் பல வழிகளிலிருந்து கலந்து, இந்த வெயிலிலும் இந்தச் சாப்பாட்டிலும் தப்பிப் பிழைத்த பரம்பரை அது. உண்ணிக் காய்ச்சல், சொறி, புழு இவைதான் அதன் வழக்கமான தொல்லைகள். இவற்றுக்கு மருந்து உண்டு. காவலுக்கும் துணைக்கும் என்றால் பக்கத்து வீட்டுப் பெட்டை போட்ட குட்டி எந்த வகையிலும் குறைந்ததல்ல. அதன் தாயின் குணமும் உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

எடுக்க முன்

1. தாயை நேரில் பாருங்கள். முடிந்தால் கடுவனையும் பாருங்கள். காட்ட மறுப்பவரிடமோ, பஸ் தரிப்பிடத்தில் குட்டியைக் கைமாற்ற நினைப்பவரிடமோ வாங்க வேண்டாம்.
2. தாய்க்கும் தகப்பனுக்கும் என்ன உறவு, தாயின் வயது என்ன, இது எத்தனையாவது பேறு என்று கேளுங்கள்.
3. முன்பு பிறந்த குட்டிகள் இப்போது எப்படி இருக்கின்றன என்று விசாரியுங்கள். மூன்று நான்கு வயதான ஒரு குட்டி, சான்றிதழைவிட உண்மை பேசும். வம்சாவளிப் பத்திரம் பெற்றோர் யார் என்பதைத்தான் சொல்லும், சுகத்தைச் சொல்லாது.
4. பெரிய இன நாய் என்றால் பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள். அது ஒரு வயதுக்குப் பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும்.
5. குட்டி பார்க்காத பக்கத்தில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையில் தட்ட வேண்டாம், அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேளாததை இந்தச் சோதனை காட்டாது.
6. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம்.

எடுத்த பின்

பரம்பரை எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. 2002இல் வெளியான ஓர் ஆய்வில் 48 லப்ரடோர்கள் வாழ்நாள் முழுதும் கவனிக்கப்பட்டன. 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ 1.8 வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. பெரிய இனக் குட்டியைக் கொழுக்க வைப்பது அன்பாகத் தெரியலாம், மூட்டுக்கு அது சுமை.

விசர்நாய்க்கடித் தடுப்பூசியை நாய்க்கும் பூனைக்கும் வருடந்தோறும் போடுங்கள். இலங்கையில் இன்னும் ஆண்டுக்கு 20 முதல் 30 பேர்வரை இந்நோயால் இறக்கிறார்கள். கைவிடப்பட்டு ஊசி போடாமல் திரியும் நாய்கள் அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. கடிபட்டால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி உடனே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சிகிச்சை அங்கு இலவசம்.

ஏற்கனவே உங்கள் வீட்டிலிருக்கும் நாய்க்கோ பூனைக்கோ இப்படியொரு நோய் இருந்தால் அதைத் தெருவில் விட வேண்டாம். செவிட்டு நாய் கை அசைவுக்குப் பழகும். நொண்டி நாய்க்கு எடை குறைத்து, வழுக்காத தரையில் படுக்க இடம் கொடுத்தால் நோவு குறையும். அதற்குக் கருத்தடை மட்டும் கட்டாயம் செய்துவிடுங்கள். அந்த நோய் அதனோடு நின்றுபோகட்டும்.