திரையில் மனித உடல்: ஒரு படத்தொகுப்பின் வரலாறு

மனித உடற்கூற்றைக் கணினியில் முப்பரிமாணமாகப் படிக்கும் முறைக்கு உறுதியான அடித்தளம் இட்டது அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம். நூல்களைப் போலவே மருத்துவப் படங்களையும் டிஜிட்டல் வடிவில் சேர்த்து வைக்க வேண்டும் என்று 1980களில் அது திட்டமிட்டது. ‘விசிபிள் ஹியூமன்’ என்ற திட்டம் அதிலிருந்து பிறந்தது. 1991இல் அந்தப் பணி கொலராடோ பல்கலைக்கழகத்தின் விக்டர் ஸ்பிட்ஸர், டேவிட் விட்லாக் ஆகியோரிடம் ஒப்படைக்கப்பட்டது.

சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள் அப்போதே இருந்தன. ஆனால் அவை தருவது கறுப்பு வெள்ளைப் படம். தசையின் சிவப்பையும் கொழுப்பின் மஞ்சளையும் காட்ட உண்மையான உடலே தேவைப்பட்டது.

முதல் உடல், டெக்ஸாஸில் 1993 ஆகஸ்டில் விஷ ஊசியால் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 39 வயதுக் கைதியுடையது. முதலில் ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு உடலை ஜெலட்டினில் பதித்து, சுமார் மைனஸ் 70 டிகிரியில் உறையவைத்து, நான்கு துண்டங்களாக அறுத்தார்கள். சுழலும் வெட்டுக்கருவி ஒவ்வொரு துண்டத்தின் மேற்பரப்பிலிருந்தும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவியெடுக்கும். புதிதாகத் தெரியும் பரப்பைக் கேமரா படம் பிடிக்கும். சீவியது தூளாகிப் போகும் என்பதால் எந்தப் படத்தையும் இரண்டாம் முறை எடுக்க வழியில்லை. இப்படிக் கிடைத்த 1,871 குறுக்குவெட்டுகள் 1994 நவம்பரில் வெளியாயின.

அடுத்த ஆண்டு, இதயநோயால் இறந்த 59 வயதுப் பெண்ணின் உடல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களாயிற்று. இம்முறை சீவிய கனம் 0.33 மில்லிமீட்டர். படப்புள்ளியின் அகலமும் அதுவே. ஆகவே ஒவ்வொரு புள்ளியும் சரியான கனசதுரமாயிற்று. எந்தக் கோணத்தில் வெட்டிப் பார்த்தாலும் தெளிவு குன்றவில்லை. முதல் தொகுப்பில் இந்த வசதி இல்லை.

படங்களை அடுக்கினால் மட்டும் கல்லீரல் தனியே வந்துவிடாது. ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் அதன் எல்லையை வரைந்து பிரிக்க வேண்டும். உடற்கூற்றை நன்கறிந்தவர்கள் பொறுமையாகச் செய்த இந்த வேலைதான் படத்தொகுப்பைப் பாடமாக்கியது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கார்ல் ஹைன்ஸ் ஹோனே குழுவினர், உறுப்புகளைத் தனித்தனியே கழற்றிப் பார்க்கத்தக்க ‘வாக்ஸல்மேன்’ அட்லஸை இத்தரவிலிருந்து உருவாக்கினர்.

குறைகளும் இருந்தன. கைதிக்குக் குடல்வால் இல்லை. துண்டங்களாக அறுத்த இடங்களில் சிறு பகுதி இழப்பாயிற்று. இவற்றைவிடக் கனமானது ஒப்புதல் பற்றிய கேள்வி. கைதி தன் உடலை அறிவியலுக்குத் தர இசைந்திருந்தார். ஆனால் மரணத்தை எதிர்நோக்கிச் சிறையில் இருப்பவரின் இசைவை முழுச் சுதந்திரமானதாகக் கொள்ள முடியுமா? தூக்கிலிடப்பட்ட கொலையாளிகளின் உடலை அறுவைக்கு அனுப்பிய 1752ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்தை நினைத்தால், இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

பின்னர் கொரியாவும் சீனாவும் தம் மக்களின் உடல்களைக் கொண்டு இத்தகைய தொகுப்புகளை உருவாக்கின. கொரியர்கள் சீவிய கனம் 0.2 மில்லிமீட்டர். அமெரிக்கத் தொகுப்பைப் பெற முதலில் உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. 2019இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டு, யாரும் பதிவிறக்கலாம் என்றாயிற்று.