'லிபரலைஸ்': தளர்த்துவதா, தாராளம் காட்டுவதா?

பொருளியல் வகுப்புகளில் நான் அடிக்கடி விளக்க நேர்ந்த ஆங்கில வினைச்சொல் 'லிபரலைஸ்'. இதைத் 'தாராளமயமாக்கு' என்கிறோம். வழக்கில் நிலைத்துவிட்ட மொழிபெயர்ப்புதான். எனினும், மூலச்சொல்லின் பொருளிலிருந்து அது சற்று விலகியே நிற்கிறது.

'கட்டற்ற' எனப் பொருள்படும் 'லீபர்' என்ற லத்தீன் சொல்லே இதன் வேர். சட்டம், விதி, வணிகம், கொள்கை போன்றவையே இவ்வினைக்குச் செயப்படுபொருளாக வரும். அவற்றிலுள்ள கட்டுப்பாட்டைத் தளர்த்துவதே இதன் பொருள். ஆள்களையும் நாடுகளையும் விடுவிப்பதைக் குறிக்க 'லிபரேட்' என்ற வேறு வினை உண்டு. 'லிபரல்' என்பதற்குக் கொடைக்குணம் உடைய என்ற பொருளும் இருப்பதால், 'தாராளம்' முற்றிலும் தவறன்று. ஆனால், அது அரசு வழங்கும் கொடை என்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது.

1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பல தொழில்களைத் தொடங்க மத்திய அரசின் உரிமம் தேவைப்பட்டது. 1991 ஜூலை 24 அன்று வெளியான தொழில் கொள்கை, 18 தொழில்களுக்கு மட்டும் உரிமத்தைத் தக்கவைத்து, ஏனையவற்றுக்கு விலக்களித்தது. சட்டம் நீக்கப்படவில்லை, அதன் பிடி தளர்ந்தது. அரசு புதிதாக எதையும் கொடுக்கவில்லை. தடுத்து நின்ற இடத்திலிருந்து விலகியது.

தளர்த்தியதை மீண்டும் இறுக்கவும் இயலும். தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கித் திட்டத்தின் பெயரிலேயே 'லிபரலைஸ்டு' என்ற சொல் உண்டு. 2004-இல் 25,000 டாலராக இருந்த ஆண்டு உச்சவரம்பு, படிப்படியாக 2 லட்சமானது. ரூபாய் சரிந்த 2013-இல் அது 75,000 டாலராகக் குறைக்கப்பட்டது, 2015-இல் 2.5 லட்சமானது. வரம்பு ஏறினாலும் இறங்கினாலும் பெயர் மாறவில்லை.

இதனுடன் குழப்பிக்கொள்ளப்படும் சொற்கள் இரண்டு. ஒழுங்குமுறையையே விலக்குவது 'டீரெகுலேட்'. அரசின் உடைமையைத் தனியாருக்கு மாற்றுவது 'பிரைவடைஸ்'. 2010-இல் பெட்ரோல் விலை மீதான அரசுக் கட்டுப்பாடு விலக்கப்பட்டபோது, பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் பொதுத்துறையிலேயே இருந்தன. ஒன்று நிகழ, மற்றொன்றும் உடன் நிகழவேண்டியதில்லை.

நம் விவாதங்களில் இம்மூன்றும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. தனியார்மயத்தை எதிர்ப்பவர் உரிம முறைக்கு வாதாடுபவராகவும், உரிம முறையை எதிர்ப்பவர் பொதுச்சொத்தை விற்கச் சொல்பவராகவும் காட்டப்படுகிறார். எந்த விதி, எவ்வளவு, யாருக்காகத் தளர்த்தப்படுகிறது என்று கேட்டால் மட்டுமே ஒரு கொள்கையை அதன் தகுதி கொண்டு மதிப்பிட முடியும். 'தாராளமயம்' என்ற சொல்லை ஏற்பவரும் எதிர்ப்பவரும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுவே.