விடைபெற்ற கப்பல் திரும்பி வந்தபோது

1977 ஆகஸ்ட் 5 இரவு. டோக்கியோவில் சில தியேட்டர் வாசல்களில் பள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளைகள் வரிசை கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் வெளியாகப் போவது ஒரு கார்ட்டூன் படம். அதுவும் புதுக் கதை இல்லை. மூன்று வருடத்துக்கு முன் டிவியில் வந்து, பார்க்க ஆளில்லாமல் சீக்கிரமே முடித்துவைக்கப்பட்ட ஒரு தொடரின் 26 பகுதிகளை வெட்டி ஒட்டி, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் வருகிற மாதிரி சுருக்கியது. பெயர் 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ'.

தொடர் தோற்றதற்குக் காரணம் எளிது. 1974 அக்டோபரில் ஞாயிறு மாலை ஏழரை மணிக்கு அது தொடங்கியபோது, இன்னொரு சேனலில் அதே நேரத்துக்கு 'ஹைடி' ஓடிக்கொண்டிருந்தது. ஆல்ப்ஸ் மலையில் ஆடு மேய்க்கிற பையனோடு ஓடித் திரியும் சிறுமியை விட்டுவிட்டு, கதிர்வீச்சில் வெந்துபோன பூமியைக் காப்பாற்றப் புறப்பட்ட கப்பலை எந்தக் குடும்பம் பார்க்கும்? 39 பகுதிகளுக்குத் திட்டமிட்டதை 26-இல் நிறுத்தினார்கள். மறுஒளிபரப்பில்தான் அதற்கு ஆள் சேர்ந்தது. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் பார்த்தார்கள், கேசட்டில் ஒலியை மட்டும் பதிந்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

அதுவரை கார்ட்டூன் படம் என்றால் ஜப்பானில் தோயெய் நிறுவனம் பள்ளி விடுமுறைகளில் நடத்தும் 'மங்கா திருவிழா'தான். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் வருவார்கள், நாலைந்து குட்டிப் படங்களைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பதினைந்து வயதுப் பையன் தன் காசில், தனியாக, ஒரே படத்துக்கு வருவான் என்று யாரும் கணக்குப் போடவில்லை. அதனால் தயாரிப்பாளர் யோஷினோபு நிஷிசாகிக்குப் பெரிய கம்பெனிகளின் கதவு எளிதில் திறக்கவில்லை. ரசிகர்கள் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். வானொலிக்கு ஃபோன் போட்டு அந்தத் தொடரின் பாட்டைக் கேட்டார்கள், கடைகடையாகப் போய்ப் போஸ்டர் ஒட்டச் சொன்னார்கள். இதை வெறும் ஆர்வம் என்று நான் நினைக்கவில்லை. படத்தை ஓட வைத்தது நாம் என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது. அடுத்த வருடம் வந்த சண்டைக்கும் அதுவே விதை.

1978 ஆகஸ்ட் 5-இல் இரண்டாம் படம். 'விடைபெறுகிறோம், யமாட்டோ' என்பது போன்ற தலைப்பு. இம்முறை தோயெய் தாராளமாகத் தியேட்டர் கொடுத்தது. இந்தப் படத்தின் 'பான்ஃபு' ஒன்று என்னிடம் இருக்கிறது. ஜப்பானில் தியேட்டரிலேயே படத்தைப் பற்றி வழவழப்பான சிறு புத்தகம் விற்பார்கள். நம்மூர்த் தியேட்டர் வாசலில் ஒரு காலத்தில் விற்ற பாட்டுப் புத்தகத்துக்குப் பணக்கார அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கென்று வந்து டோக்கியோவிலேயே தங்கிப்போன நான், ஜிம்போச்சோவின் பழைய புத்தகக் கடைகளில் இவற்றைத் தேடுவேன். வீட்டில் இடம் போதவில்லை என்று அம்மணியின் புகார் தனி. இந்தப் பிரதியின் பின்னட்டை உட்புறத்தில், முன்பு வைத்திருந்தவர் படம் பார்த்த தேதிகளைப் பால்பாயின்ட் பேனாவால் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறார். எல்லாம் ஒரே மாதத்துத் தேதிகள். கடைசித் தேதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்து, நாயகி யூகியின் பெயர்.

அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. படத்தில் யூகி செத்துப்போகிறாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கடைசியில் நாயகன் கொடாய், உயிரோடு மிஞ்சிய சிலரைக் கப்பலிலிருந்து இறக்கிவிட்டு, யூகியின் உடலைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எதிரியின் ராட்சதக் கப்பலை நோக்கி யமாட்டோவைச் செலுத்துகிறான். தூரத்தில் ஒரு வெளிச்சம். அதன்பின் திரையில் எழுத்துகள் வருகின்றன: இனி இந்தக் கப்பலை யாரும் பார்க்க மாட்டார்கள் என்கிற பொருளில்.

தியேட்டர்களில் தேம்பல் சத்தம் கேட்டதைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் அப்போது நடுநிலைப் பள்ளி மாணவர். "விளக்குப் போட்ட பிறகும் யாரும் எழுந்திருக்கலை. முகத்தைக் காட்ட வெட்கம்" என்றார். பெரியவர்களுக்குச் சந்தேகம் வேறு மாதிரி. யமாட்டோ கற்பனைப் பெயர் அல்ல. 1945 ஏப்ரல் 7 அன்று, திரும்பி வரும் நம்பிக்கை இல்லாமல் ஒகினாவாவை நோக்கிப் போய், ஏறக்குறைய 3,000 பேரோடு மூழ்கிய நிஜப் போர்க்கப்பல். அந்தப் பெயருள்ள கப்பல் மறுபடி தற்கொலைத் தாக்குதலுக்குப் போவதையும், அதைப் பார்த்துப் பிள்ளைகள் உருகுவதையும் அவர்களால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கப்பலுக்கு உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவரான லெய்ஜி மட்சுமோட்டோவுக்கே இந்த முடிவில் உடன்பாடு இல்லை. இளைஞர்கள் செத்துக் காட்டக் கூடாது, வாழ்ந்து காட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. நான் அவர் பக்கம்தான். ஆனால் படத்தை ஓட வைத்தது அந்தச் சாவு என்பதையும் மறுக்க முடியாது.

இரண்டே மாதம். அக்டோபர் 14 அன்று டிவியில் 'யமாட்டோ 2' தொடங்கியது. அதே கதை, அதே எதிரி. ஆனால் முடிவில் கொடாயும் யூகியும் பிழைத்துவிடுகிறார்கள், கப்பலும் தப்புகிறது. (அதன் கடைசிப் பகுதி ஒளிபரப்பானது 1979 ஏப்ரல் 7. நிஜக் கப்பல் மூழ்கிய அதே தேதி. யார் கவனித்தார்களோ!) இனிப் பார்க்க மாட்டீர்கள் என்று எழுதிக் காட்டியவர்களே கப்பலைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். 1983 மார்ச்சில் வந்த 'இறுதி யமாட்டோ'வில் முதல் கதையிலேயே இறந்துபோன கேப்டன் ஒகிதாவும் எழுந்து வந்தார். மருத்துவர் தவறாகச் சொல்லிவிட்டாராம். சாவு இப்படி மலிந்தபின், அழுதவன் தன் அழுகையைப் பற்றி என்ன நினைப்பான்?

ஜப்பானிய ரசிகர்கள் படம் மட்டமாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள். சொன்ன சொல்லை மாற்றினால்தான் கோபப்படுகிறார்கள். யமாட்டோவுக்குப் பிந்தைய கதைகளைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

'கண்டம்' என்ற ரோபோ டிவி தொடரையும் 52 பகுதிகளுக்குத் திட்டமிட்டு 43-இல் வெட்டினார்கள். அதைப் படமாக்கும்போது 1981 பிப்ரவரி 22 அன்று ஷின்ஜூகு ரயில் நிலையத்தின் கிழக்கு வாசல் எதிரே ரசிகர்களைக் கூட்டினார்கள். கூட்டம் ஆயிரக்கணக்கில் வந்து நெருக்கியடித்தது. இயக்குநர் யோஷியுகி டோமினோவே மைக்கைப் பிடித்துக் கூட்டத்தை அமைதிப்படுத்த வேண்டியதாயிற்று. இங்கே யாருக்காவது அடிபட்டால் அனிமே ரசிகர்களைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதுதான் அவர் கவலை. வேடம் கட்டி வந்து அன்று அறிக்கை வாசித்த இளைஞர் மமோரு நகானோ பிற்பாடு பெயர்பெற்ற வடிவமைப்பாளர் ஆனார். அடுத்த வருடம் மார்ச்சுக்குள் மூன்று படங்களும் வந்து முடிந்தன, மூன்றாவதில் பெரும்பகுதி புதிதாக வரைந்தது. கொடுத்த காசுக்கு மேல் கிடைத்தது என்று ரசிகர்கள் மகிழ்ந்தார்கள்.

'இவாஞ்செலியன்' தொடரின் கதை நேர் எதிர். டிவி முடிவு பிடிக்காதவர்களுக்காகப் படமாக்கிய முடிவு 1997 மார்ச்சில் வேலை முடியாமல் பாதியில் நின்றது. மீதிக்கு ஜூலை வரை காத்திருக்கச் சொன்னார்கள். ஜூலைப் படத்தில், தியேட்டர் இருக்கைகளில் நிறைந்திருக்கும் பார்வையாளர்களையே திரையில் காட்டினார் இயக்குநர் ஹிதேயாகி அன்னோ. திட்டி வந்த செய்திகளும் கண்ணிமைக்கும் நேரத்துக்கு வந்து போயின. ரசிகனுக்கு இவ்வளவு நேராகப் பதில் சொன்ன படம் வேறு எனக்குத் தெரியாது.

கடைசியாக 'ஸ்லாம் டங்க்'. பள்ளிக்கூடக் கூடைப்பந்துக் கதை. டிவி தொடர் 101 பகுதிகளோடு 1996 மார்ச்சில் நின்றுவிட்டது. கதையின் உச்சமான சன்னோ பள்ளியோடு ஆடும் ஆட்டம் டிவிக்கு வரவே இல்லை. அதற்குப் பிறகு 26 வருடக் காத்திருப்பு. மூலக்கதையை வரைந்த தகேஹிகோ இனோவேயே எழுதி இயக்கிய படம் 2022 டிசம்பர் 3-இல் வெளியீடு. கதை என்ன என்று மூச்சுவிடவில்லை. நவம்பர் 4 அன்றுதான், முக்கியப் பாத்திரங்களுக்குப் பழைய குரல்கள் இல்லை, எல்லாரும் புதியவர்கள் என்று தெரிந்தது. முன்விற்பனை டிக்கெட்டுகள் அதற்குள் விற்றுக்கொண்டிருந்தன. இதுதான் எரிச்சலைக் கிளப்பியது. நாயகன் சகுராகிக்குக் குரல் தந்த சுபாரு கிமுரா, 'டோரேமான்' தொடரில் முரட்டுப் பையன் ஜியானுக்குப் பேசுகிறவர். சகுராகி வாயைத் திறந்தால் ஜியான் வந்துவிடுவான் என்று கேலி பரவியது.

படம் வந்ததும் காற்று திசை மாறியது. பென்சில் கோடுகளிலிருந்து ஐந்து பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து நடந்து வருகிற தொடக்கத்திலேயே பலர் சரணடைந்துவிட்டார்கள். நாயகன் இடம் அணித் தோழன் ரியோத்தா மியாகிக்குப் போனதில் முணுமுணுப்பு இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் ஜப்பானில் வசூல் 1,500 கோடி யென்னைத் தாண்டியது. கொரியாவில் 40 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் ஒலி அறுந்துபோகும். நான் பார்த்த காட்சியில் பாப்கார்ன் கொறிக்கும் சத்தம்கூட இல்லை. பிறகு கத்திக் கொண்டாடலாம் என்று அறிவித்து 'ஆதரவுக் காட்சிகள்' நடத்தினார்கள். இந்த வழக்கத்துக்கு ஜப்பானில் ஒரு முன்னோடி, இந்தியத் தியேட்டர்களைப் பார்த்து இந்தியப் படங்களுக்கு நடத்திய 'மசாலா காட்சி'. 1998-இல் ரஜினியின் 'முத்து' டோக்கியோவின் ஷிபுயாவில் ஓடு ஓடென்று ஓடித்தான் இங்கே இந்தியப் படங்களுக்குக் கூட்டம் பிடித்தது. அந்த வகையில் நம் விசிலுக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு.

ஓய்வுபெற்ற அந்த நண்பரை ஒரு ஆதரவுக் காட்சிக்கு அழைத்துப் போனேன். எதிரணி சன்னோவுக்கும் சேர்த்துக் கை தட்டினார். வெளியே வந்து ராமென் சாப்பிடும்போது, "படம் பிரமாதம், சந்தேகமே இல்லை" என்றார். அதே மூச்சில், "ஆனா குரல் மாறுதுன்னு டிக்கெட் விக்கிறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும். அது வேற, இது வேற."

அதற்கப்புறம் அவர் பேச்சு யமாட்டோவுக்குப் போய்விட்டது. கடையை மூடுகிற வரை திரும்பவில்லை.