மெய்நிகர் கணினியில் யுஎஸ்பி கருவி தெரியாமை

மூலக் கணினியில் செருகிய யுஎஸ்பி கருவி, அதனுள் ஓடும் மெய்நிகர் கணினியின் கண்ணில் படாமல் போகும் கோளாறு இது. பழி வழக்கமாகக் கேபிள் மீதோ டிரைவர் மீதோ விழும். ஆராய்ந்தால், கருவி யார் கையில் இருக்கிறது என்பதே பெரும்பாலும் சிக்கலாக இருக்கும். 1996 ஜனவரியில் வெளியான முதல் யுஎஸ்பி வரையறை தொட்டே, கருவிக்கு முகவரி கொடுத்து அதனோடு பேச்சை நடத்தும் அதிகாரம் ஒரே கணினிக்குத்தான். எனவே மூலக் கணினியின் இயங்குதளம் கைவிட்டால்தான் மெய்நிகர் கணினி கருவியைப் பெற முடியும்.

இதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் கைவசமுள்ள சான்று, மலேசிய அடையாள அட்டையான மைகாட்டின் படிப்பான். தேசியப் பதிவு இலாகா 2001-இல் அறிமுகப்படுத்திய அந்தச் சில்லு அட்டையைப் படிக்கும் மென்பொருள்களில் பல விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. பத்துமலையிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஓர் அலுவலகம் லினக்ஸுக்கு மாறினால், அந்த மென்பொருளை மட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மெய்நிகர் கணினி மென்பொருளுக்குள் விண்டோஸ் நிறுவி ஓட்டலாம். படிப்பானை இணைக்கும்போது, கருவி வேறு வேலையில் இருக்கிறது என்ற பிழைச்செய்தி வரக்கூடும். லினக்ஸின் பிசிஎஸ்சிடி என்னும் பின்னணிச் சேவை அதை முன்னரே பிடித்து வைத்திருப்பதே காரணம். அந்தச் சேவையை மட்டும் நிறுத்திப் பயனில்லை. யாராவது அட்டையைக் கேட்டதும் அந்தச் சேவைக்குரிய சாக்கெட் அதை மறுபடி எழுப்பிவிடும். இரண்டையும் நிறுத்த வேண்டும். பயனர் ‘விபாக்ஸ்யூசர்ஸ்’ குழுவில் இல்லையென்றால் படிப்பான் பட்டியலிலேயே வராது. குழுவில் சேர்த்த பின்னும், வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால்தான் அனுமதி செல்லும். பலர் இந்த இடத்தில்தான் பொறுமையிழந்து புதுப் படிப்பான் வாங்கப் புறப்படுகிறார்கள்.

கேபிள் கெடுவதே இல்லையா என்று கேட்கலாம். கெடும், ஆனால் அப்போது மூலக் கணினிக்கும் கருவி தெரியாது. லினக்ஸில் ‘எல்எஸ்யுஎஸ்பி’ கட்டளையும் விண்டோஸில் டிவைஸ் மேனேஜரும் அதை நொடியில் சொல்லிவிடும். டிரைவர் வாதத்துக்கு வலு அதிகம். விண்டோஸ் 7-இல் யுஎஸ்பி 3.0-க்கான டிரைவர் உள்ளமைந்து வராததால், மெய்நிகர் கணினிக்கு அந்தத் தலைமுறைக் கட்டுப்படுத்தியைக் கொடுத்தால் எதுவும் தெரியாது, 2.0-க்கு இறக்கினால் தெரியும். விர்ச்சுவல்பாக்ஸின் 7.0-க்கு முந்தைய பதிப்புகளில் இவ்விரு தலைமுறைகளுக்கும் தனி விரிவாக்கத் தொகுப்பு தேவைப்பட்டது. ஆனாலும் இவை ஒருமுறை சரிசெய்தால் தீர்ந்துவிடும் அமைப்புப் பிழைகள். நேற்று வேலை செய்த கருவி இன்று மறைந்தால், வேறு யார் அதை எடுத்துக்கொண்டார்கள் என்று பார்ப்பதே விரைவான வழி.

கைபேசிக்கு மென்பொருள் ஏற்றும்போது இதே சிக்கல் வேறு வடிவில் வரும். பாதி வழியில் கைபேசி மறுதொடக்கமாகி, புதிய தயாரிப்பு எண்ணுடன் திரும்பும். கருவியைத் தானாக மெய்நிகர் கணினிக்குக் கொடுக்கும் விர்ச்சுவல்பாக்ஸின் வடிகட்டியில் பழைய எண் இருந்தால் அது பொருந்தாது. மூலக் கணினி கைபேசியைப் பிடித்துக்கொள்ள, ஏற்றம் நடுவில் நின்றுவிடும். வடிகட்டியில் தயாரிப்பாளர் எண்ணை மட்டும் வைத்துத் தயாரிப்பு எண்ணைக் காலியாக விட்டால் இது நேராது. தைப்பூசப் படங்களுள்ள நினைவக அட்டை போன்ற வெறும் சேமிப்புக்கு இத்தனை பாடு வேண்டாம். மூலக் கணினியிலேயே திறந்து, பகிர்கோப்புறை வழியே உள்ளே கொடுத்தால் போதும்.