மூலம் திருந்தியது, படி திருந்தவில்லை: இணைய இடைச்சேமிப்பு நீக்கத்தின் சிறு வரலாறு

மல்லேஸ்வரத்தின் காடு மல்லேஸ்வரர் கோயிலில் 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பின்னாளில் தஞ்சையில் மராட்டிய ஆட்சியை நிறுவிய ஏகோஜி, மேதரநிங்கனஹள்ளி என்னும் ஊரை அக்கோயிலுக்குக் கொடையாக அளித்த செய்தியை அது கூறுகிறது. அவ்வூர்ப்பெயர் இன்று பேச்சு வழக்கில் இல்லை. எனினும் கல்வெட்டைப் பிழையானது என்று எவரும் சொல்வதில்லை. அது மூலம், தன் ஆண்டைத் தன்னுடனேயே தாங்கி நிற்கிறது. மூலம் பழையதாகலாம், பொய்யாவதில்லை. ஆண்டு குறிக்கப்படாத படி மட்டுமே பொய்யாகும்.

இணையத்தில் நாம் வாசிப்பவற்றுள் பெரும்பகுதி இத்தகைய படிகளே. ஒரு பக்கத்தை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்திலிருந்து புதிதாக உருவாக்குவது செலவு மிக்கது. ஆகவே ஒருமுறை உருவான பக்கத்தை இடையிலுள்ள வழங்கி ஒன்று சேமித்து வைத்து, அடுத்தடுத்து வருவோருக்கு அதையே வழங்குகிறது. இதுவே ‘கேஷ்’ எனப்படும் இடைச்சேமிப்பு. மூலம் மாறியபின், எந்தப் படிகளை அழிப்பது, எவற்றை விட்டுவைப்பது? இக்கேள்விக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு வரலாறு உண்டு. அது கணினியியலாருக்கு மட்டும் உரிய வரலாறு அன்று.

1994ஆம் ஆண்டு மே மாதம் ஜெனீவாவில் நடந்த முதல் உலகளாவிய வலை மாநாட்டில், அரி லுவோட்டோனன், கெவின் ஆல்ட்டிஸ் ஆகிய இருவரும் இடைநிலை வழங்கிகள் பற்றிய கட்டுரையை அளித்தனர். படியைச் சேமித்தல் அதன் முக்கியக் கூறுகளுள் ஒன்று. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கியது. குறுகிய தொலைபேசி இணைப்பில் வாசித்த அத்தலைமுறைக்கு, அருகில் ஒரு படி இருப்பது பெரும் உதவி. படி பழையதாக இருப்பின் என் செய்வது என்னும் கேள்விக்கு அன்று கிடைத்த விடை காலாவதித் தேதி. 1996இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1945 என்னும் ஆவணம், இத்தேதிக்குப் பிறகு படியை நம்பாதே என்று மூலம் அறிவிக்கவும், குறிப்பிட்ட தேதிக்குப் பின் மாறியிருந்தால் மட்டும் அனுப்புக என்று படி கேட்கவும் வழி செய்தது. மருந்துக் குப்பியின் தேதியைப் போன்ற ஏற்பாடு இது.

ஆனால் அறிவு காலக்கெடுவின்படி மாறுவதில்லை. ஒரு கட்டுரை பத்தாண்டு மாறாதிருக்கலாம். ஒரே நாளில் பத்து முறையும் மாறலாம். காலக்கெடுவைக் குறைத்தால் சேமிப்பால் பயனில்லை. நீட்டினால் பிழை நிலைக்கும். 1999ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 2616, எல்லாப் படிகளும் செல்லாதவையாக்கப்பட்டன என்று உறுதி கூற நெறிமுறையில் வழியில்லை என்பதை ஒப்புக்கொண்டது.

நெறிமுறை தராத வழியை மென்பொருள்கள் தந்தன. 1996இல் உருவான ஸ்குவிட், குறித்த ஒரு முகவரியின் படியை மட்டும் அழிக்கச் சொல்லும் தனிக் கட்டளையை ஏற்றது. தரநிலையில் இல்லாத இக்கட்டளையே பின்னர் பரவலான வழக்காயிற்று. சொற்கள் பேச்சு வழக்கில் நிலைபெற்ற பின்னரே அகராதியில் ஏறுவதை மொழியியல் மாணவர் அறிவர்.

இம்முறையைப் பெருமளவில் கையாண்டோருள் விக்கிப்பீடியா முதன்மையானது. 2004 முதல் அது ஸ்குவிட்டைப் பயன்படுத்தியது. ஒரு கட்டுரை திருத்தப்பட்டவுடன் அதன் படி அழிக்கப்படும். ஒரு கட்டுரையை மட்டும் அழித்தால் போதுமா? போதாது. இல்லாத கட்டுரைக்கான சிவப்பு இணைப்பு, கட்டுரை எழுதப்பட்டதும் நீலமாக வேண்டும். ஆகவே அதைச் சுட்டும் பக்கங்கள் அனைத்தின் படிகளும் பழையவையாகிவிடுகின்றன. வார்ப்புரு இன்னும் சிக்கலானது. 2014ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று கர்நாடகத்தின் பன்னிரண்டு நகரங்களின் ஆங்கிலப் பெயர்வடிவங்கள் மாறின. பெங்களூரு, மைசூரு, பெலகாவி, கலபுரகி ஆகியன அவற்றுள் சில. இந்நகரங்களைப் பட்டியலிடும் ஒரு வார்ப்புருவில் ஒரு சொல்லை மாற்றினால், அவ்வார்ப்புருவைத் தாங்கிய ஒவ்வொரு பக்கத்தின் படியும் அழிக்கப்பட வேண்டும். ஆகவே எந்தப் பக்கம் எதைச் சார்ந்துள்ளது என்னும் அட்டவணையை மீடியாவிக்கி தொடர்ந்து பராமரிக்கிறது. திருத்தம் நேர்ந்ததும் அவ்வட்டவணையை நோக்கி, சார்ந்த பக்கங்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கிறது.

அழிக்கும் ஆணை போய்ச் சேர்வதும் எளிதன்று. விக்கிமீடியா தன் ஆணைகளை நெடுங்காலம் பெறுகைச் சான்று கேட்காத முறையிலேயே பரப்பியது. வழியில் ஓர் ஆணை தொலைந்தால் அந்த வழங்கியில் பழைய படி நிலைத்துவிடும். 2018இல் ஆசிய வாசகர்களுக்காகச் சிங்கப்பூரில் ஒரு சேமிப்பு நிலையம் தொடங்கப்பட்டது. நிலையங்கள் பெருகப் பெருக, ஆணை சென்றுசேர வேண்டிய இடங்களும் பெருகுகின்றன. 2020இல் ஆணைகளை வரிசையாகப் பதிந்து, தவறாது ஒப்படைக்கும் முறைக்கு அந்நிறுவனம் மாறியது.

இதில் பலர் கவனியாத ஒரு கூறு உண்டு. பயனர் கணக்கில் நுழைந்து திருத்துவோருக்கு இந்த இடைநிலைப் படிகள் வழங்கப்படுவதில்லை. பொது வாசகருக்கே வழங்கப்படுகின்றன. ஆதலால் திருத்தியவர் திருந்திய பக்கத்தைக் கண்டு நிறைவுகொள்வார். வாசகரோ பழையதையே படித்துக்கொண்டிருக்கக்கூடும். உயிரோடுள்ள ஒருவரைப் பற்றிய அவதூறு நீக்கப்பட்ட நேர்வில், இவ்விடைவெளி வெறும் தொழில்நுட்பக் குறை அன்று. நீதி பற்றிய கேள்வி.

தமிழ்ப் பதிப்பு வரலாறு இச்சிக்கலை முன்பே கண்டது. ஓர் ஏட்டைத் திருத்தியவருக்கு, அதிலிருந்து படியெடுத்த ஏடுகள் எந்தெந்த மடத்தில், எவர் வீட்டில் உள்ளன என்பது தெரியாது. அத்திருத்தம் சென்றடையாத படிகளிலிருந்து மேலும் படிகள் பெருகின. உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர் எதிர்கொண்ட பாடபேதங்களில் ஒரு பகுதி இவ்வாறு விளைந்ததே. அச்சு வந்தபின் பிழைதிருத்தப் பட்டியல் வந்தது. ஆயினும் விற்றுப்போன பிரதிக்குள் அது நுழைய இயலாது. இணையம் புதிதாகச் செய்தது, சார்புகளை அட்டவணையிட்டு, படிகளைத் தேடிச் சென்று அழிப்பதே. அதுவும் தன் எல்லைக்குள் மட்டும். வேறொருவர் எடுத்துச் சென்ற படியை, மொழித்தரவுத் தொகுப்பில் கலந்துவிட்ட படியை, எந்த ஆணையும் தொடாது.

ஆய்வு மாணவர்க்கு இதிலிருந்து இரண்டு செய்திகள். ஒன்று, இடைச்சேமிப்பு ஆவணக்காப்பகம் அன்று. கூகுள் தன் தேடல் முடிவுகளில் காட்டிவந்த சேமித்த படிகளை 2024இல் நிறுத்தியபோது, அதைச் சான்றாக நம்பியிருந்தோர் கையில் எதுவும் எஞ்சவில்லை. மற்றொன்று, பக்கத்தை மேற்கோள் காட்டுவது போதாது; பதிப்பை மேற்கோள் காட்ட வேண்டும். விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு திருத்தத்திற்கும் தனி எண் உண்டு. அவ்வெண்ணைத் தாங்கிய முகவரி மாறுவதில்லை. மின்தரவுகளைத் தொகுப்போர், எடுத்த தேதியையும் திருத்த எண்ணையும் ஒவ்வொரு பதிவுடனும் சேர்த்து வைப்பார்களாயின், பின்னர் மூலம் திருந்தும்போது தம் தொகுப்பில் மாற்ற வேண்டியது எது என அறிய இயலும்.

நம் பல்கலைக்கழகங்களில் உருவாகும் தமிழ்த் தரவுத்தொகுப்புகளில் இவ்விரண்டும் பதியப்படுகின்றனவா? அறிந்தோர் பின்னூட்டத்தில் பகிர்ந்தால், அடுத்த பதிவில் ஒப்பிட்டு எழுத எண்ணியுள்ளேன்.