ஒன்பதாம் இரவின் பதிவேடு

ஜமைக்காவில் சாவு விழுந்த வீட்டுக்கு ‘டெட் யார்ட்’ என்று பெயர். நம் பேச்சில் இழவு வீடு. செய்தி பரவிய அன்றிலிருந்து அங்கே ஆள் வந்துகொண்டே இருக்கும். டொமினோ வில்லைகளை மேசையில் ஓங்கி அறையும் சத்தம் நள்ளிரவு தாண்டியும் ஓயாது. பொரித்த மீனும் கெட்டி ரொட்டியும் வெள்ளை ரம்மும் வந்தவர் கைக்கெல்லாம் போகும். ஒன்பதாம் இரவில் கூட்டம் இன்னும் பெருகும். இறந்தவருக்குத் தனியாக ஒரு மேசை போட்டு, அவருக்குப் பிடித்ததை எல்லாம் படைத்து வைப்பார்கள். நள்ளிரவு வரை யாரும் அதில் கை வைக்கக் கூடாது. ‘டப்பி’ என்று அவர்கள் சொல்லும் ஆவி அன்று கடைசியாக வீட்டுக்கு வந்து விடைபெறுகிறது என்பது நம்பிக்கை. மறுபடி வந்தால் தன் இடம் அதற்கு அடையாளம் தெரியக் கூடாது என்று மெத்தையைப் புரட்டிப் போடுவார்கள், கட்டிலை வேறு பக்கம் திருப்பி வைப்பார்கள். இந்த ‘நைன் நைட்’ வழக்கம் 1948க்குப் பிறகு பிரிட்டனில் குடியேறிய கரீபிய மக்களோடு லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் போய்ச் சேர்ந்தது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அழகான பண்பாடு என்று வியப்பவர்களும் உண்டு. ஆனால் பிரிட்டனுக்கு வந்த அந்த முதல் தலைமுறையைப் பற்றிய முழுமையான வரலாற்றுப் பதிவு இந்தச் சாவுச் சடங்குகளுக்குள்தான் இருக்கிறது என்பதை இரு தரப்புமே கவனிக்கவில்லை. அரசு வைத்திருந்த பதிவுகள் அதற்கு அருகில்கூட வரவில்லை.

அரசிடம் என்ன இருந்தது? 1948 ஜூன் 22 அன்று டில்பரி துறைமுகத்தில் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பலிலிருந்து இறங்கியவர்களின் பட்டியல் இன்றும் இருக்கிறது. மொத்தம் 1,027 பயணிகள். கடைசியாக வசித்த நாடு என்று கரீபிய நாடு ஒன்றைச் சொன்னவர்கள் 802 பேர். அந்தக் கப்பலின் பெயரே ஒரு தலைமுறைக்குப் பெயராகிவிட்டது. ஆனால் பட்டியலில் இருப்பது பெயர், வயது, தொழில், போய்த் தங்கப்போகும் முகவரி போன்ற சில விவரங்கள் மட்டுமே. அப்படிப்பட்ட பட்டியல்களும் 1960ஓடு நின்றுவிடுகின்றன. குடியேற்றத்துக்குக் கட்டுப்பாடு விதித்த சட்டம் 1962 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று அவசரமாகக் கிளம்பியவர்கள் அந்தப் பட்டியல்களில் இல்லை. விமானத்தில் போனவர்களும் இல்லை. மீதி இருந்தவை, இறங்கிய இடத்தில் நிரப்பித் தந்த வருகை அட்டைகள். அவற்றையும் உள்துறை அமைச்சகம் 2010இல் அழித்துவிட்டது. தனிநபர் தகவல் பாதுகாப்பு என்று காரணம் சொன்னது. பிறகு வந்த சட்டங்கள், 1973க்கு முன்பே குடியேறி வேலை பார்த்து வரி கட்டிய முதியவர்களிடம், ஒவ்வோர் ஆண்டும் இங்கேதான் இருந்தாய் என்பதற்குக் காகிதம் கொண்டுவா என்றன. காட்ட முடியாதவர்கள் வேலையை இழந்தார்கள், சிகிச்சையை இழந்தார்கள், சிலர் நாடுகடத்தப்பட்டார்கள். தவறாக வெளியேற்றப்பட்டிருக்கலாம் என்று அரசே ஒப்புக்கொண்டவர்கள் 83 பேர். அவர்களில் குறைந்தது 11 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள் என்று 2018 நவம்பரில் உள்துறை அமைச்சர் சாஜித் ஜாவித் அறிவித்தார். அரசின் ஏட்டில் ஒருவர் இல்லை என்றால் அவர் வாழ்ந்ததே இல்லை என்றாகிவிடும் ஆபத்து எவ்வளவு நிஜமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த மக்களுக்கு இது புதிய அனுபவமும் அல்ல. 1817 முதல் ஜமைக்காவின் தோட்ட முதலாளிகள் தங்கள் அடிமைகளைப் பற்றி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அரசுக்குக் கணக்குக் கொடுத்தார்கள். பிறந்த குழந்தை ‘கூடுதல்’, செத்த ஆள் ‘குறைவு’. கரும்புத் தோட்டங்களில் பிறப்பைவிடச் சாவு மிகுந்திருந்த காலம் அது. ஒரு மனுஷி இறந்தால் ஏட்டில் ஒரு எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். அவள் எப்படி வாழ்ந்தாள், என்ன பாடுவாள் என்பதைச் சொல்லும் இடம் அவளுடைய சவ அடக்கம் ஒன்றே. 1680களின் இறுதியில் அந்தத் தீவில் இருந்த மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன், அடிமைகள் தங்கள் இறந்தோரின் குழிக்குள் உணவும் ரம்மும் இட்டதை எழுதிவைத்திருக்கிறார். வரலாற்றாசிரியர் வின்சென்ட் பிரவுன் 2008இல் வெளியிட்ட ‘தி ரீப்பர்ஸ் கார்டன்’ நூல், ஜமைக்காவின் அடிமைச் சமூகம் முழுவதையும் சாவை மையமாக வைத்தே ஆராய்கிறது. ஆக, முதலாளியின் கணக்கு ஒரு பக்கமும் துக்கத்தில் கூடியவர்களின் நினைவு இன்னொரு பக்கமுமாக இரண்டு பதிவுகள் இருநூறு ஆண்டுக்கு மேலாகவே எதிரெதிராக இருந்துவருகின்றன. பிரிட்டனில் நடந்தது அதன் தொடர்ச்சி.

அந்த இரண்டாவது பதிவு எப்படி உண்டாகிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒன்பதாம் இரவில் ஒருவர் துதிப்பாடலின் ஒரு வரியை உரக்கச் சொல்ல, கூட்டம் அதை இழுத்துப் பாடும். எழுத்தறியாதவரும் பாட வேண்டும் என்பதற்காகப் பிறந்த முறை இது. பாட்டுக்கு நடுவே பேச்சு. கிங்ஸ்டனில் ஒரே தெருவில் வளர்ந்தவர், பஸ் டிப்போவில் கூட வேலை பார்த்தவர், மருத்துவமனையில் இரவுப் பணி பகிர்ந்துகொண்ட நர்ஸ், வாடகைக்கு ஓர் அறையைச் சேர்ந்து எடுத்தவர், ‘பார்ட்னர்’ என்று அவர்கள் சொல்லும் சீட்டில் வாரந்தோறும் பணம் கட்டியவர் என்று ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த துண்டைக் கொண்டுவருகிறார். அவற்றைச் சேர்த்து, அடக்கத்தன்று கொடுக்கும் சிறு புத்தகத்தில் வாழ்க்கை வரலாறாக அச்சிடுகிறார்கள். பிறந்த நாளை ‘சூரியோதயம்’ என்றும் இறந்த நாளை ‘அஸ்தமனம்’ என்றும் போடும் வழக்கம் பரவலாக உண்டு. பிறந்த மாவட்டம், பெற்றோர், வந்த ஆண்டு, முதல் வேலை, ஊரில் பாட்டியிடம் விட்டுவந்து பிறகு அழைத்துக்கொண்ட பிள்ளைகள் என்று எல்லாம் அதில் இருக்கும். முக்கியமாக, செல்லப்பெயர் இருக்கும். கரீபியத் தீவுகளில் ஒருவரை ஊரே ஒரு பெயரால் அழைக்க, பாஸ்போர்ட்டில் முற்றிலும் வேறு பெயர் இருப்பது சகஜம். அதனால்தான் அங்கே வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கும்போது, சட்டப்பூர்வமான பெயரைச் சொன்ன கையோடு ‘இன்ன பெயரால் நன்கு அறியப்பட்டவர்’ என்று சேர்த்துச் சொல்கிறார்கள். பின்னாலேயே லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் பெயர்கள் வரும். அரசு ஆவணத்தில் உள்ள ஆளையும் மக்கள் நினைவில் உள்ள ஆளையும் இணைக்கும் முடிச்சு அந்த ஒரு வரி. அது அவிழ்ந்தால் இரண்டு பதிவுக்கும் தொடர்பே இல்லாமல் போகும்.

சாவு வீட்டில் யார் குறை பேசுவார்கள், இரங்கல் உரை வெறும் புகழ்மாலைதானே, அதை எப்படிச் சான்றாக எடுப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, முழுக்கத் தட்டிவிட முடியாது. பிள்ளைகளைப் பிரிந்து தாய்மார் கழித்த ஆண்டுகள் அந்தப் புத்தகங்களில் ஒரே வாக்கியத்தில் கடந்துபோகின்றன. வீட்டுக்குள் நடந்த அடி உதை அச்சேறுவதே இல்லை. ஆனாலும், புத்தகத்தை ஒன்பதாம் இரவிலிருந்து பிரித்துப் பார்ப்பதால்தான் இந்தச் சந்தேகம் வலுக்கிறது. அந்த இரவுக்கு அழைப்பு கிடையாது. தெரிந்தவர் எல்லாரும் வரலாம், வந்தவர் பேசலாம். இறந்தவரின் கோபமும் கஞ்சத்தனமும் சூதாட்டத் தோல்விகளும் சிரிப்போடு சிரிப்பாக வெளியே வரும் இடம் அது. வந்த ஆண்டைத் தவறாகச் சொன்னால் அதே ஆண்டில் வந்தவர் எழுந்து திருத்துவார். வேறு உறவில் பிறந்த பிள்ளைகளும் துக்கத்துக்கு உரியவர்களாக வந்து உட்காருவார்கள். இத்தனை பேர் கூடியிருந்து சரிபார்க்கும் பதிவை, ஓர் அதிகாரி ஒரு நிமிடத்தில் நிரப்பிய அட்டையைவிடக் குறைவாக மதிக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை. துக்கத்தில் கூடியவர்களின் பதிவு அதிகாரிகளின் பதிவை வென்றதற்கு, கெல்சோ காக்ரேன் கொலையை எடுத்துக்கொள்ளலாம். அவர் ஆன்டிகுவாவிலிருந்து வந்த 32 வயதுத் தச்சர். 1959 மே மாதம் லண்டனின் நாட்டிங் ஹில்லில் வெள்ளை இளைஞர்கள் அவரைக் குத்திக் கொன்றார்கள். பணத்துக்காக நடந்த தாக்குதல் என்றது காவல்துறை. ஜூன் 6 அன்று கென்சல் கிரீன் இடுகாட்டுக்கு அவரோடு நடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், இது இன வெறுப்பு என்பதைத் தங்கள் கால்களால் பதிவு செய்தார்கள். யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. இன்று அந்தக் கொலையைப் பற்றி எழுதும் பெரும்பாலோர் காவல்துறையின் கூற்றை அல்ல, அந்த ஊர்வலம் சொன்னதையே ஏற்கிறார்கள்.

இன்னொரு மறுப்பு, அந்தச் சமூகத்தின் உள்ளிருந்தே வருவது. ஆவியும் ரம்மும் கிறிஸ்தவத்துக்கு ஒவ்வாதவை என்று பெந்தெகொஸ்தே சபையினர் பலர் விலகி நிற்கிறார்கள். வேறு சிலருக்கு வேறு வருத்தம்: பிரிட்டனில் அடக்கத்துக்கு மூன்று வாரம்கூட ஆகிறது, ஒன்பதாம் இரவு சனிக்கிழமைக்கு மாறுகிறது, வீட்டில் இடமின்றி மண்டபம் எடுக்கிறார்கள், கொரோனா காலத்தில் கணினித் திரையிலேயே நடத்தினார்கள், இதில் பழைய சடங்கு எங்கே இருக்கிறது என்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் ஜமைக்காவில் தாம் கண்ட ஒன்பதாம் இரவை 1938இல் எழுதியபோது, ஆவி திரும்பிவந்துவிடக் கூடாதே என்ற அச்சம்தான் அதில் முன்னால் நின்றது. இன்று அந்த அச்சம் தேய்ந்து, வாழ்க்கையை எடுத்துச் சொல்வது முன்னால் வந்துவிட்டது. இதைச் சிதைவு என்று நான் கருதவில்லை. ரம்மைத் தவிர்த்த சபைக் குடும்பங்களும் கூடிப் பாடுவதையும் பேசுவதையும் விடவில்லை, புத்தகம் அச்சிடுவதையும் விடவில்லை. இடுகாட்டில் குழியை இயந்திரம் மூடட்டும் என்று அவர்கள் விடுவதும் இல்லை. கோட்டைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் மண்வெட்டியை வாங்கி, கடைசிப் பிடி மண்வரை ஆண்கள் தள்ளுகிறார்கள். பெண்கள் சுற்றி நின்று பாட்டை நிறுத்தாமல் கொண்டுபோகிறார்கள். நம்பிக்கை மாறியும் விடாமல் காக்கப்படுவது எதுவோ அதுதான் ஒரு வழக்கத்தின் உயிர்.

அரசே இப்போது நினைவுச்சின்னம் வைத்துவிட்டதே என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 2022 ஜூன் 22 அன்று லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில், சிற்பி பேசில் வாட்சன் செய்த வெண்கலச் சிலை திறக்கப்பட்டது: சூட்கேஸ்களின் குவியல்மேல் கைகோத்து நிற்கும் ஓர் ஆண், பெண், குழந்தை. நல்ல சிலை, வேண்டியதும்கூட. ஆனால் அந்த மூவருக்கும் பெயர் இல்லை, இருக்கவும் முடியாது. ஒரு தலைமுறை முழுவதையும் மூன்று உருவத்தில் அடக்குவது சிற்பத்தின் வேலை. ஒருவர் எந்த ஊரில் பிறந்து எந்தத் தெருவில் வாழ்ந்தார் என்பது இறுதிச் சடங்குப் புத்தகத்தின் வேலை. நடாஷா கோர்டன் எழுதிய ‘நைன் நைட்’ நாடகம் 2018இல் லண்டனின் தேசிய நாடக அரங்கில் ஓடியது, நாடுகடத்தல் செய்திகள் வெளிவந்த அதே ஆண்டில். வழக்கத்தின் பெயரைப் பெருவாரியான மக்களுக்கு அது கொண்டுசேர்த்தது. செய்ய வேண்டிய மீதி வேலை நூலகங்களுடையது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கறுப்பின மக்களின் இறுதிச் சடங்குப் புத்தகங்களை ஆயிரத்துக்கும் மேலாகத் திரட்டி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். வம்சாவளி தேடுவோருக்கு அவை மூல ஆவணம். பிரிட்டனின் நகர நூலகங்களும் இதையே செய்ய வேண்டும். 1961இலும் 1962இலும் இருபது வயதில் போய் இறங்கியவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். கப்பல் பட்டியலும் வருகை அட்டையும் இல்லாத அவர்களுடைய அடக்கங்கள் இப்போது நடந்துகொண்டிருக்கின்றன. புத்தகங்கள் நூறோ இருநூறோ அச்சாகி, பிரார்த்தனை முடிந்ததும் சில பிரதிகள் தேவாலய இருக்கைகளிலேயே கிடக்கின்றன. சில வீட்டுக்குப் போய் பைபிளுக்குள் இருக்கின்றன, அந்த வீடு விற்கப்படும் நாள்வரை.